ராஜமுந்திரிக்கு வந்த இடது ஷூ

போன ஜனவரியில், ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையத்தில் ஆரம்பித்தது இது. மறுநாள் காலை ராஜமுந்திரி சர்ச்சில் என் தம்பிக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அதுதான் ஊர். வீட்டில் எல்லோரும் முன்பே ரயிலில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை ஷூவுக்காகக் காத்திருந்த நான் மட்டும் விமானத்தில் கிளம்பினேன். பறப்பது இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆம்பூரிலிருந்து ரேணிகுண்டா போய்ச் சேருவதற்குள்தான் இடுப்பு கழன்றுவிட்டது!

தம்பிக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. கடை ஷூ அவனுக்கு உதவாது. கல்யாணத்தன்றாவது மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சாயாமல் நடக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், சாம்பிள் செக்‌ஷன் அக்கா ஒருவர் இடது ஷூவின் அடியை மட்டும் உயர்த்தி, அது வெளியே தெரியாதபடி அழகாக ஒரு கறுப்பு ஜோடி செய்து, பேக் பண்ணியும் கொடுத்தார். வாய்த்துடுக்கு அதிகம், வேலை என்று வந்தால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

செக்யூரிட்டியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வலது ஷூ மட்டும் இருந்தது.

எங்கள் கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்குச் சாம்பிள் போனால் வலது ஷூ ஒன்றுதான் போகும். வருஷக்கணக்காக அப்படியே பேக் செய்த கை, கல்யாண ஷூவையும் அப்படியே பேக் செய்துவிட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஐயையோ, இடது இங்கயே டேபிள் மேல இருக்குது பாரு!"

"இப்ப இன்னாக்கா பண்றது?"

"அழுவாத. நீ ஏறிப் போ, நான் பாத்துக்கறேன்."

திரும்பிப் போனால் கல்யாணமே தவறிவிடும். ஏறிவிட்டேன். ஜன்னலோர சீட்டுதான், ஆனால் வெளியே பார்க்க மனசு வரவில்லை. ராஜமுந்திரியில் இறங்கித் தம்பியிடம் சொன்னபோது, "பரவால்லக்கா, பழசையே போட்டுக்கறேன்" என்றான். முகம் வாடிவிட்டது.

காலையில் தம்பி கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன். "ஸ்டேஷன்ல இருக்கறேன். ஆட்டோக்காரன் தெலுங்குல இன்னாவோ கேக்கறான், வழி சொல்லு."

ஆட்டோவில் வந்து இறங்கினார். கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "வீட்டுக்குப் போனா வண்டி போய்டும்" என்று அப்படியே காட்பாடிக்கு ஓடி, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு விடியவிடிய வந்திருக்கிறார். சென்னையைத் தாண்டி அவர் எங்கேயும் போனதில்லை. தம்பியை உட்காரவைத்து, தானே லேஸ் கட்டிவிட்டு, "நட, பாக்கலாம்" என்றார்.

நடந்தான். சாயவே இல்லை. அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சர்ச்சில் தம்பி மனைவியோடு நிமிர்ந்து நடந்து வந்தபோது ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். அக்கா கடைசி பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொருவரின் சந்தோஷத்துக்காக அவ்வளவு தூரம் வந்து, அதைக் கண்ணால் பார்க்காமலேயே நிம்மதியாகத் தூங்குகிற மனசு எனக்கு வருமா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.