கிரகணத் துண்டுத்தாளில் விடுபட்ட வரி

மாலை ஐந்தே முக்காலுக்கு, அடையாறில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், என் மகள் ஒரு குழந்தையின் கையிலிருந்த ஃபிலிம் துண்டைப் பிடுங்கினாள். சைதாப்பேட்டைப் பக்கம் சூரியன் ஓரம் கடிபட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மாடியில் எல்லார் கையிலும் அதே மாதிரித் துண்டு. அவள் பிடுங்கியதைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு முனையில் ஆரஞ்சுப் பழுப்பு.

"அம்மா, இது கலர் ஃபிலிம்" என்றாள். அவள் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை. பிறகு ஒவ்வொருவராகப் போய்த் துண்டுகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் தரமாட்டேன் என்று கையை மேலே தூக்கிக்கொண்டார்.

முதலில் பிடுங்கியது கீழ்வீட்டுக் குழந்தையிடமிருந்து. நான்காம் வகுப்பு படித்தாள். அப்பாவுக்குத் தி. நகரில் தையல் கடை. கிரகணம் தொடங்கியதிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

என் மகளுக்கு அப்போது கல்லூரி முதல் வருடம். இலவசமாக இடம் தரும் ஒரு இணையதளத்தில் சொந்தமாகப் பக்கம் வைத்திருந்தாள். இந்த மாதம் எந்தக் கிரகம் எங்கே தெரியும், மொட்டை மாடியில் ஏரியல் கம்பி எப்படிக் கட்டுவது, இப்படி. கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டினாள். கிரகணத்துக்கென்று எழுதிய பக்கத்தில், கறுப்பு வெள்ளை ஃபிலிமை முழுக்க வெளிச்சம் காட்டிக் கழுவி இரண்டாக மடித்துப் பார்க்கலாம், கலர் ஃபிலிம் கூடவே கூடாது, கதிரைத் தடுக்கும் வெள்ளி உலோகம் அதில் தங்குவதில்லை, கறுப்பாகத் தெரிந்தாலும் கண்ணைச் சுடும் கதிர் உள்ளே வந்துவிடும் என்று எழுதியிருந்தாள். ஃபிலிமே வேண்டாம் என்று இன்று சொல்கிறார்கள். அன்று எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

அடுத்த பிளாக்கில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற இன்ஜினீயர், வீட்டிலேயே ரேடியோ பெட்டி வைத்து ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோக்காரர். அவருக்கும் ஒரு தளம் உண்டு. ரேடியோ பெட்டிக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருக்கும் படம், அதன்மேல் கண்ணைச் சிமிட்டும் எழுத்தில், ரேடியோவில் அவருக்குப் பேராக இருக்கும் அழைப்புக் குறி. இந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தாராளமாக எடுத்துக்கொள்வார். அடியில் நன்றி என்று பேர் போட்டால் போதும், கேட்க வேண்டியதில்லை. அவரும் இவளுடைய கிரகணப் பக்கத்தை எடுத்தார். தன் தளத்தில் போட்டார், தமிழில் சுருக்கித் துண்டுத்தாளாக அச்சடித்தார், வீடு வீடாகக் கொடுத்தார். ஸ்டூடியோவில் சும்மா கிடந்த ஃபிலிம் முனைகளை வாங்கி வந்து கூடவே விநியோகித்தார். தாளின் அடியில் 'தகவல்: நன்றி' என்று என் மகளின் பேர். கலர் ஃபிலிம் பற்றிய வரி இல்லை. தாள் வந்த அன்று மகள் கல்லூரிச் சுற்றுலாவில் இருந்தாள். நான் அவள் பேரை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பீரோவில் வைத்தேன்.

மறுநாள் காலை அந்தக் குழந்தைக்குப் புத்தகத்தில் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அந்த எழுத்தே தெரியவில்லை. சுற்றி இருப்பது தெரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. கண் டாக்டர் உள்ளே சுட்டிருக்கிறது என்றார். மருந்து கிடையாது, தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

குழந்தையின் அம்மா தாளோடு மேலே வந்தாள். என்னிடம் பேசவில்லை. நேராக மகளிடம் நீட்டினாள்.

"உன் பேருதானே போட்டுக்குது? நீதானே எய்திக் குடுத்த? படிச்ச பொண்ணு சொல்லிக்குதேன்னுதான் பாக்க வுட்டேன்."

மகள் தாளை வாங்கி, அடியிலிருந்த தன் பேர்வரைக்கும் படித்தாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன். குழந்தையின் அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

பெரியவருக்கு ஃபோன் செய்தேன். நிதானமாகப் பேசினார். "வெள்ளி, சாயம் அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம் மேடம். ஜனங்களுக்குப் புரியாது. ஒரு பக்கத்துல அடங்கணும் இல்லையா." கீழ்வீட்டில் வந்து இதைச் சொல்லுங்கள் என்றேன். சாயங்காலம் வருவதாகச் சொன்னார். சாயங்காலம் அவர் மாடியிலிருந்து, எந்த நாட்டுக்காரரிடமோ இங்கே வானிலை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் குரல்தான் வந்தது.

அந்த வாரமே மகள் என்னை பிரௌசிங் சென்டருக்கு இழுத்துப்போய் அவருடைய தளத்தைக் காட்டினாள். விடுபட்ட அந்த வரி இப்போது அங்கே சேர்ந்திருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்ததைப் போல, நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அதன் கீழே வருகையாளர்களின் பாராட்டுகள். மிகப் பயனுள்ள பக்கம், எச்சரிக்கைக்கு நன்றி. மேலே படிக்காமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். விவரம் தெரிந்த ஹாம் நண்பர்களுக்கு மகள் நடந்ததையெல்லாம் மெயிலில் எழுதினாள். எந்தக் கம்பெனி ஃபிலிமில் எவ்வளவு வெள்ளி என்று ஆளாளுக்கு நீளமாக விவாதித்தார்கள். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் யாராவது அறிவியல் ஆர்வம் என்று பேசினால் எனக்கு அந்தப் பதில்கள்தான் நாறுகின்றன.

மகள் தன் பக்கத்தை அழித்தாள். சாப்பிடுவது குறைந்தது. மாடிப்படியில் குழந்தையின் சத்தம் கேட்டால் அது போகும்வரை கதவுக்குப் பின்னால் நிற்பாள். நான் அவளைக் காவல் காத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆடி போய் ஆவணியும் பாதி கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையின் அம்மா குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். பொட்டு சிறுத்துவிட்டதாம், வலது கண் தெளிந்துவிட்டது, இடது கண்ணில் பொடி எழுத்து மட்டும் இன்னும் நெளிகிறது, அது அப்படியே நிற்கலாம் என்றாராம் டாக்டர். குழந்தை என் மகளின் மடியில் சாய்ந்து, இடது கண்ணை மூடித் திறந்து காலண்டரைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு ஒரு வாட்டி வந்து இன்னா ஏதுன்னு கேட்டிருந்தா போதும்க்கா" என்றாள் அம்மா.

அப்போது கதவு தட்டும் சத்தம். திறந்தேன். பெரியவர். எங்கள் மூவருக்கும் ஒரே எண்ணம்தான் வந்திருக்க வேண்டும். குழந்தையின் அம்மா எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எங்களைத் தாண்டி மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"கிரகணத்தன்னிக்கு நீ ஃபோட்டோ எடுத்தியாமே. ரெண்டு குடேன்மா, சைட்ல போடணும். உன் பேரும் போடறேன்."