மாம்பழப் பெட்டியில் ரொக்கெட்

போன கிழமை நான்கு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். சில வருஷங்களாக நின்றுபோயிருக்கும் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்ற விழாவை, கடை, ராட்டினம் எல்லாவற்றோடும் மறுபடி நடத்தப் போகிறார்களாம். வந்தவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். அவன் கையில் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றிலிருந்து கிழித்த வர்ணப் படம் இருந்தது. வானத்தில் வளைந்து வளைந்து போகும் தண்டவாளம், அதில் ஒரு குட்டி ரயில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரிக்கும் வெள்ளைக்காரர்கள்.

“நம்மட மைதானத்தையும் இப்பிடி நவீனமாக்கோணும் டீச்சர். ஆனா பழைய அடையாளம் அழியவும் கூடா. நீங்க ராட்டினக்காரர்ர மகள்தானே, ஒரு யோசன சொல்லுங்க.”

யாராவது என்னிடம் யோசனை கேட்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்தவள் நான். நிமிர்வதற்கு எனக்கு உரிமை உண்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்று சிரிப்பு வந்துவிட்டது. அவன் முழங்கையில் பச்சைப் பெயின்ற் காய்ந்து கிடந்தது. கடைப் பலகைகளுக்கு அடித்துவிட்டு நேரே வந்திருக்கிறான். மண்ணெண்ணெய் கலந்த பெயின்ற் வாசம் அறை முழுக்க. அதே வாசத்துக்கு நடுவில் நின்று அதே கேள்வியை வாப்பா ஒருமுறை என்னிடம் கேட்டார். நானும் பதில் சொன்னேன். அந்தப் பதிலின் சத்தம் கல்முனைக் கடற்கரை முழுக்கக் கேட்டது.

எங்கள் ராட்டினம், ஆளை மேலே தூக்கிக்கொண்டு போய்க் கீழே போடுகிற சாதி அல்ல. நடுவில் ஒரு பாலை மரத் தூண். அதிலிருந்து குடைக் கம்பிகள் மாதிரி மரக்கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பெட்டி தொங்கும். பெட்டிக்குள் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், முகம் பார்த்து உட்காரலாம். உள்வட்டத்தில் இரண்டு ஆட்கள் மரக்கையைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். அவர்கள் நடந்தால் ராட்டினம் சுற்றும், நின்றால் நிற்கும். மாட்டு வண்டியில் வயலுக்குப் போகிற வேகம்தான். தள்ளுகிறவர்களில் ஒருவர் உம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. மற்றவர் பாண்டிருப்பிலிருந்து வரும் கந்தையா அண்ணன்.

பெட்டிகளுக்கு இலக்கம் கிடையாது, பழங்கள்தான். மாம்பழப் பெட்டி, அன்னாசிப் பெட்டி, கொய்யாப் பெட்டி என்று. வரைந்தது சின்ன மாமா. இலக்கம் வாசிக்கத் தெரியாத பெண்கள் அதிகமாக இருந்த காலத்தில் வந்த ஏற்பாடு அது. பிறகு அதுவே ஒரு சொந்தமாகிவிட்டது. எங்கள் தெரு ஆயிஷா ராத்தா மாம்பழத்தைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டாள். காரைதீவுச் சரசக்காவும் அப்படித்தான். ஒரு வருஷம் தற்செயலாக எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தப் பெட்டியிலேயே சந்தித்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார்கள். ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் போனதேயில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை.

கொடியேற்ற நாட்களில் வரும் வியாழன் பின்னேரம் பெண்களுக்கு மட்டும். அசர் தொழுகை முடிந்ததும் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கிடுகு வேலியின் படலையைச் சாத்திவிடுவார்கள். உள்ளே ராட்டினம், வளையல் கடை, வறுத்த கச்சான் கடலை, வாழை இலையில் தொதல் இனிப்பு. தள்ளுகிற இருவரும் வாப்பாவும் மட்டும் உள்ளே இருக்கலாம். அவர்களும் மணலைப் பார்த்தபடிதான் நடப்பார்கள்.

எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம் அந்தப் பெட்டிகளில்தான் பேசி முடிந்தது என்று சொன்னால் கொஞ்சம் கூடிப்போகும். கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. ராட்டினத்தில் அந்தத் தொல்லை இல்லை. பெண்ணை வளையல் கடைக்கு முன்னால் நிற்க வைப்பார்கள். மாப்பிள்ளையின் உம்மா பெட்டியில் ஏறுவாள். சுற்றுக்கு ஒருதரம் பிள்ளையைப் பார்க்கலாம், மறு சுற்று வரும்வரை பக்கத்தில் இருப்பவளோடு கதைக்கலாம். பிடிக்காவிட்டால் இறங்கிக் கச்சான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரும் யாரையும் மறுக்கவில்லை.

நான் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்து, ஊரையே திருத்திவிடலாம் என்ற நினைப்போடு வீட்டில் இருந்த வருஷம், மைதானத்துக்குப் பொறுப்பானவர்கள் வாப்பாவைக் கூப்பிட்டார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் கரண்டில் ஓடும் ராட்டினத்தோடு வருகிறான், உங்கள் இடத்தைத்தான் கேட்கிறான், நீங்களும் மெஷின் பூட்டினால் இடம் உங்களுக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு என்றார்கள். அவன் பெண்களுக்கென்று ஒரு பொழுது ஒதுக்க மாட்டானாம். ஆக, எங்கள் ராட்டினம் போனால் வியாழக்கிழமையும் போய்விடும்.

வீட்டுக்கு வந்த வாப்பா என்னைத்தான் பார்த்தார். “நீதானே மகள் படிச்சவள். பழசும் கெடாம புதுசாகவும் என்ன செய்யலாம்?”

“அவளக் கேட்டா வீட்டையும் தூக்கிச் சுத்தச் சொல்லுவாள்” என்றாள் உம்மா, அரிசி புடைத்துக்கொண்டே.

என் திட்டம் ஒரே இரவில் தயாராகிவிட்டது. சவளக்கடை என்ற வயல் ஊரில் உம்மாவின் மூத்த காக்காவிடம், அதாவது என் பெரிய மாமாவிடம், இரண்டு சக்கர உழவு மெஷின் ஒன்று இருந்தது. அறுவடை முடிந்து சும்மா கிடந்த அதைக் கொண்டுவந்து, பட்டி போட்டுத் தூணோடு இணைத்தோம். பழைய அடையாளம் என்றால் மரமும் பெட்டியும் என்பது என் எண்ணம். அவற்றில் நான் கைவைக்கவில்லை. பழங்களைத்தான் அழித்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் இலக்கம், அதற்குக் கீழே நிலவை நோக்கிப் போகும் ஒரு ரொக்கெட். இது விண்வெளிக் காலம் என்று வீட்டாருக்கு விளக்கமும் கொடுத்தேன்.

“மாதுளம்பழத்தில என்ன புள்ள பிழை?” என்று கேட்டார் சின்ன மாமா.

“அது தக்காளி மாதிரி இரிக்கு மாமா.”

அன்று முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. கந்தையா அண்ணனிடம் இன்னும் பெரிய மனதோடு நடந்துகொண்டேன். “இனித் தள்ளத் தேவையில்ல அண்ணன். நீங்க இருந்து பாருங்க, உங்களுக்குரியது வழமைபோல வரும்” என்றேன். அவர் தாழம்புதருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். “பாக்கிறன் தங்கச்சி. பாக்கத்தானே போறன்” என்றார். அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

வியாழன் வந்தது. உம்மா என்னைப் புது நீலத் தாவணி உடுத்தச் சொன்னாள். மெஷின் ஓடும் முதல் நாள், அதற்குப் பொருத்தமான ஏற்பாடுதான் என்று நினைத்து, டிக்கெட் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆயிஷா ராத்தா நேரே என்னிடம் வந்தாள். “மாம்பழம் எங்ககா?”

“ஒண்டாம் இலக்கம் ராத்தா. ரொக்கெட் படம் போட்டிரிக்கே.”

“எல்லாத்திலயும் அந்தச் சனியன்தானே கிடக்கு.”

சரசக்கா ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்து பார்க்காத குறையாகத் தேடிக் கடைசியில் சரியான பெட்டியைக் கண்டுபிடித்தாள். இருக்கைப் பலகையில் எப்போதோ கொட்டிய வெற்றிலைக் கறை அடையாளமாம்.

சின்ன மாமா மெஷினைச் சுழற்றினார். முதலில் புகை வந்தது. பிறகு சத்தம். உழவு மெஷினின் சத்தம் வயலில் கேட்கும்போது ஒன்றுமில்லை. கிடுகு வேலிக்குள் கேட்டால் பல்லு ஆடும். பெட்டிகள் ஓட ஆரம்பித்தன. ஒரு கையால் முக்காட்டையும் மறு கையால் பெட்டியையும் பிடித்துக்கொண்டு பெண்கள் சுற்றினார்கள். எல்லாருடைய வாயும் பெரிதாகத் திறந்து மூடியது. ஆனந்தத்தில் கூவுகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் கதைக்க முயன்றிருக்கிறார்கள். அது எனக்குத் தோன்றவேயில்லை. மாதுளையாக இருந்த பெட்டியில் வெள்ளைச் சாரி உடுத்த ஒரு மாமி, ஒவ்வொரு தடவை என்னைக் கடக்கும்போதும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் இந்த ஏற்பாட்டைச் செய்தது என்று விசாரித்திருப்பாள் போல என எண்ணி, முகத்தைச் சற்று அடக்கமாக வைத்துக்கொண்டேன். அவள் நிந்தவூரிலிருந்து உம்மாவின் அழைப்பில் வந்தவள், பார்க்க வந்தது மெஷினை அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த வேகத்தில் என் மூக்கு எங்கே, வாய் எங்கே என்று அவள் சரியாகப் பார்த்திருக்கவும் முடியாது.

எவ்வளவு டீசல் வேண்டும் என்று நான்தான் கணக்குப் பார்த்திருந்தேன். கணக்குப் பாடத்தில் எனக்கு நல்ல சித்தி. டீசல் முடிந்து மெஷின் சட்டென்று நின்றது. மைதானத்தில் ஒரு பூச்சி பறந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதிக்குள், மெஷினின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக்கொண்டிருந்த அந்த மாமியின் குரல் மட்டும் நிற்காமல் வந்தது.

“...புள்ள வடிவுதான் தங்கச்சி. ஆனா படிச்ச எடுப்பு தலைக்கு மேல நிக்கிது. இவள எடுத்தா நம்மட மகனுக்கும் ஒரு மெஷினப் பூட்டிப் போடுவாள்.”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு மாம்பழப் பெட்டியிலிருந்து சரசக்கா சொன்னாள்: “பூட்டட்டுமே. அவனும் கொஞ்சம் சுத்தட்டும்.”

கடற்கரையே சிரித்தது. வளையல் கடைக்காரி வளையல் அடுக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ராட்டினம் இருந்த வேகத்தில் மெல்லச் சுற்றிச் சுற்றி, மாதுளைப் பெட்டியைக் கொண்டுவந்து சரியாக என் மேசைக்கு முன்னால் நிறுத்தியது.

“கோவிச்சிக்காத மகள்” என்றாள் மாமி. “உண்ட மெஷின்ட சத்தத்துக்குத்தான் கத்தினன். இல்லாட்டி மெல்லத்தான் சொல்லியிருப்பன்.”

“இறங்கப் போறீங்களா மாமி?” என்றேன், எஞ்சியிருந்த மரியாதையைக் கூட்டிச் சேர்த்து.

“இல்ல. கதை முடியல்லயே. தள்ளச் சொல்லு.”

மற்றப் பெட்டிகளிலிருந்தும் அதே குரல் வந்தது. தள்ளச் சொல்லு, தள்ளச் சொல்லு. கந்தையா அண்ணன் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அன்று எனக்கு யாரும் செய்த பெரிய உதவி. ராட்டினம் பழைய வேகத்தில் நகர, கதை பொங்கிவரும் சத்தம் கேட்டது. நான் மெஷினுக்குப் பின்னால் போய், ஏதோ ஓர் ஆணியைச் சரிபார்ப்பவள் மாதிரிக் குந்தினேன்.

உம்மா வந்தாள். “அழுறயா?”

“புகை.”

“மெஷின் நிண்டு எவ்வளவு நேரம் புள்ள.” பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னாள்: “நாளைக்கு மைதானக்காரங்க மெஷினப் பாக்க வருவாங்க. மெஷின் இல்லாட்டி இடம் போயிரும். இரிந்தா பொண்டுகள் வரமாட்டாளுகள். படிச்சவள்தானே, அழுது முடிச்சிட்டு ஒரு வழி பாரு.”

வழி பார்த்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் முதுகு நிமிர்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். லொறிக்காரர் ஒருவரிடம் பழைய டைனமோ வாங்கினோம். தாழம்புதருக்கு அப்பால் மணலில் குழி தோண்டி, டைனமோவைப் பூட்டிய மெஷினை அதற்குள் இறக்கினோம். வர்ணத்தாள் சுற்றிய பல்புகளை ராட்டினத்தைச் சுற்றிக் கட்டினோம். மறுநாள் மாலை பொறுப்பானவர்கள் வந்தபோது சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்தது.

“மெஷின் எங்க?” என்றார்கள்.

“பின்னால ஓடுது” என்றார் வாப்பா. உண்மைதான். தூரத்தில் ஒரு முனகல் கேட்டது.

“அப்ப இவங்க ஏன் தள்ளுறாங்க?”

“மெஷினுக்கு ஒரு துணைக்கு.”

அவர்கள் விளக்கையே பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இடம் எங்களுக்கு. அடுத்த வியாழனுக்குள் சின்ன மாமா ரொக்கெட்டுகளின் மேல் மறுபடி பழங்களை வரைந்தார். பெயின்ற் மெல்லிசு. மாம்பழத்தின் நடுவிலிருந்து ஒரு கூர்முனை கடைசி வரை தெரிந்துகொண்டே இருந்தது. அன்னாசிக்கு மட்டும் அது பொருந்திப் போயிற்று.

அந்தச் சம்பந்தம் வரவில்லை. ஆனால் நிந்தவூர் மாமி அதற்குப் பிறகும் வருஷா வருஷம் வந்தாள். மாதுளையில் ஏறுமுன் என்னிடம் கேட்பாள்: “இன்னும் படிக்கிறயா மகள்?” ஒரு வருஷம், “இப்ப படிப்பிக்கிறன் மாமி” என்றேன். “அல்லாஹ், அந்தளவுக்குப் போயிட்டயா” என்று உண்மையாகவே கவலைப்பட்டாள்.

என்னைத் தேடி வந்த இளைஞர்களிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. எதை வேண்டுமானாலும் பூட்டுங்கள், பெயின்றும் அடியுங்கள், ஆனால் ஆட்கள் கதைக்கக்கூடிய வேகத்தில் ஒன்றாவது சுற்றட்டும் என்றேன். என்னிடம் படித்தவன் பணிவாகக் கேட்டான்: “கதைக்கிறதுக்கு ஏன் டீச்சர் ராட்டினம்? வீட்டிலேயே இரிந்து கதைக்கலாமே.”  பாடம் நடத்தியே பழகிய எனக்கு உடனே வந்தது எங்கள் ராட்டினம் சுற்றிய கடைசி வருஷத்தின் ஞாபகம்தான்.

நாட்டு நிலைமை கெட்டுப்போய், தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவில் பயம் வந்திருந்தது. சின்ன மாமா சவூதிக்குப் போய்விட்டார். பாண்டிருப்பு எங்களுக்கு நடந்துபோகிற தூரம். அந்தத் தூரத்தைக் கந்தையா அண்ணனால் கடக்க முடியாத வருஷம் அது. காரைதீவுப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் பெண்கள் யாரும் வந்து இறங்கவில்லை. பொழுதுபட்டு மஃரிபு ஆகுமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் விளக்கு எரிக்கும் தேவையும் இருக்கவில்லை. வந்தவர்கள் கொஞ்சப் பேர். ஆயிஷா ராத்தா தன் பெட்டியில் தனியே ஏறி, எதிர் இருக்கையில் காகிதச் சரையில் கட்டிய கச்சானை வைத்துக்கொண்டாள்.

தள்ள ஆளில்லை. ஒரு பக்கம் வாப்பா. மறு பக்கம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சாரியை இழுத்துச் செருகிக்கொண்டு நான். சுற்றத் தொடங்கியதும் தூணிலிருந்து கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. பிறந்ததிலிருந்து அந்த ராட்டினத்தோடு வளர்ந்தவள் நான். அந்தச் சத்தத்தை ஒரு நாளும் கேட்டதில்லை.

“தூண் சத்தம் போடுது வாப்பா. எண்ணெய் விடோணும்.”

வாப்பா தள்ளுவதை நிறுத்தவில்லை. “அது எப்பவும் போடுற சத்தம்தான் மகள்” என்றார். “பொண்டுகள்ட கதைச் சத்தத்தில கேக்கிறதில்ல.”