போலிச் சட்டையின் தோள்பட்டி

எங்கள் தையல் கூடத்தில் அவரை எல்லோரும் பொத்தான் என்றே கூப்பிடுவோம். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். யாராவது முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவார். இருபத்தெட்டு வருடம் சீருடை தைத்தவர். பேருந்து ஓட்டுநர், நர்ஸ், காவலாளி, போலீஸ் என்று சட்டை போட்டு வேலை பார்க்கிற யாரும் அவர் கைக்குத் தப்பியதில்லை. நான் அதே கூடத்தில் துணி வெட்டும் மேசையில் நிற்பவள். இந்தக் கதையில் பாதி அவர் சொன்னது, மீதி அவருடைய நாத்தனார் சொன்னது. பொத்தானிடம் மட்டும் கேட்டால் சட்டையைத் தவிர வேறு எதுவும் தெரிய வராது.

தெருவில் எதிரே வருகிறவரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. காஜாவைப் பார்ப்பார், காலரின் மடிப்பைப் பார்ப்பார். வங்கிக்குப் போனால், போன வேலை முடிந்ததோ இல்லையோ, வாசல் காவலாளியின் சட்டை எந்தக் கூடத்தில் தைத்தது என்று கண்டுபிடித்துவிட்டு வருவார். அது எதற்கு என்று கேட்டால், தெரிந்துகொள்ளத்தான் என்பார்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருக்கு முதன்முதலாக வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தது. எட்டு நாள் பயணம், இருபது பேர் கொண்ட குழு. கணவருக்கு முழங்கால் வலி, அவர் வரவில்லை. பதிலுக்குத் தன் தங்கையைத் துணைக்கு அனுப்பினார். அந்தத் தங்கை ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து, பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, அண்ணனிடம் ஒன்று என்று பிரித்து வைத்தார். விடுதியின் முகவரி எழுதிய அட்டையை இருவர் பையிலும் போட்டார். தெரியாதவர் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, பையை முன்பக்கம்தான் மாட்ட வேண்டும் என்று அண்ணிக்கு ஒரு வாரம் பாடம் நடந்தது. நாத்தனாரின் கழுத்தில் ஒரு விசில்கூடத் தொங்கியது. பொத்தான் தன் பங்குக்கு ஊசி நூல் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

போய் இறங்கிய மறுநாளே நாத்தனாரின் மானம் போனது. நகரச் சதுக்கத்தில் குழு மொத்தமும் ஒரு கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, பொத்தான் மட்டும் அங்கே காவலுக்கு நின்ற பெண் போலீஸிடம் போய் நின்றார். மொழி தெரியாது. தன் தோளைத் தொட்டு, ஊசி குத்துவதுபோல் கையை ஆட்டிக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டுத் தோளைத் தாழ்த்திக் காட்டினார். பொத்தான் குனிந்து அந்தத் தோள்பட்டியை இரண்டு நிமிடம் பார்த்தார். தோளையும் கையையும் இணைக்கும் தையலுக்குள்ளேயே பட்டியின் முனையைச் சொருகித் தைத்திருந்தார்கள். நாங்களும் அப்படித்தான் தைக்கிறோம், ஆனால் இவர்கள் இரட்டைத் தையல் போடுகிறார்கள் என்று திரும்பி வந்து நாத்தனாரிடம் சொன்னார். நாத்தனார் அவர் கையைப் பிடித்துக் குழுவுக்குள் இழுத்துப் போனார்.

மூன்றாம் நாள் மதியம் குழுவுக்கு ஓய்வு. இருவரும் விடுதிக்கு நாலு தெரு தள்ளி நடந்துகொண்டிருந்தார்கள். பட்டப்பகல், கடைகள் திறந்திருந்தன. ஒருவன் கையில் வரைபடத்தோடு வந்து அரைகுறை ஆங்கிலத்தில் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டான். எங்களுக்கே தெரியாதே என்று நாத்தனார் சொல்லி முடிப்பதற்குள் கருநீலச் சீருடையில் இன்னொருவன் வந்து நின்றான். இந்தத் தெருவில் கள்ள நோட்டு நடமாட்டம், எல்லோரும் பாஸ்போர்ட்டையும் பர்ஸையும் காட்டுங்கள் என்றான். வரைபடக்காரன் மறுபேச்சில்லாமல் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தான். சீருடைக்காரன் நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அதைப் பார்த்ததும் நாத்தனாரும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். அடுத்து பர்ஸ் இருந்த அறையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தார்.

பொத்தான் வழக்கம்போலச் சட்டையைப் பார்த்தார். தோள்பட்டியின் முனை தோள் தையலுக்குள் போகாமல் மேலாக உட்கார்ந்திருந்தது. கருநீலத் துணியில் கறுப்பு நூலால், கையால் அவசரமாகப் போட்ட தையல். இடப்பக்கப் பையின் மேல் பொடிப் பொடியாக ஊசித் துளைகள், மூன்று இதழ்ப் பூவின் வடிவத்தில். அங்கே முன்பு ஒரு பூத்தையல் இருந்து, யாரோ பிரித்திருக்கிறார்கள். பூ இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் இருந்தது. போலீஸ் சட்டையில் பூ எதற்கு என்றுதான் தனக்கு முதலில் தோன்றியது என்கிறார். இவன் திருடன் என்று இன்னும் தோன்றவில்லை.

தைத்த சட்டையை அளவு பார்க்கிறவர்போல, அவர் அந்தப் பட்டியின் முனையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். அவன் திடுக்கிட்டு விலகினான். தையல் விட்டுப் பட்டி நெஞ்சின் மேல் தொங்கியது.

"இது போலீஸ் சட்டை இல்ல. ஏதோ ஓட்டல்காரங்க சட்டை," என்றார் பொத்தான், சாதாரணமாக, நாத்தனாரிடம் தகவல் சொல்வதுபோல.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தொங்கும் பட்டியைப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. பொத்தான் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்குள் நுழைந்துவிட்டார். அவன் பாஸ்போர்ட்டை நடைபாதையில் போட்டுவிட்டு வேகமாக நடந்தான். வழி கேட்டவனும் அவனோடு சேர்ந்தே நடந்தான். இருவரும் ஒரே கூட்டு என்பது நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்தில் விசில் இருப்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைக்காரப் பெண் வெளியே போய் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து கொடுத்தார், இருவரையும் உட்காரவைத்தார், போலீஸுக்கும், பையிலிருந்த அட்டையைப் பார்த்து விடுதிக்கும் போன் செய்தார்.

குழுவை அழைத்துப்போனவர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுப் பாராட்டவில்லை. நன்றாகத் திட்டினார். அவன் கையில் கத்தி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்தில் வேறு ஏற்பாடு செய்து கொடுப்பார்கள், உயிருக்கு அப்படி ஏற்பாடு கிடையாது என்றார். தெருவில் யார் கேட்டாலும் எதையும் எடுத்துக் கொடுக்காமல், ஸ்டேஷனுக்கே வருகிறோம் என்று சொல்லி ஆள் இருக்கும் கடைக்குள் போய்விட வேண்டும், ஆள்மேல் கை வைக்கவே கூடாது என்றார்.

"தப்புதாங்க. கை முந்திக்கிச்சு. பயமே கடைக்குள்ள உக்காந்தப்புறம்தான் வந்துது," என்றார் பொத்தான்.

ஸ்டேஷனில், குழுவை அழைத்துப்போனவர் மொழிபெயர்க்க, ஒரு அதிகாரி இருவரிடமும் ஆளின் அடையாளம் கேட்டார். மீசை உண்டா? தெரியாது. கண்? தெரியாது. வயது? நாத்தனார் முப்பது என்றார், பொத்தான் ஐம்பது என்றார். அதிகாரி பேனாவை மூடப்போனார். பொத்தான் ஒரு தாள் கேட்டு வாங்கிச் சட்டையை வரைந்தார். கழுத்து அளவு பதினைந்தரை, கை நீளம் குறைக்கப்பட்டது, பூவின் துளைகள் எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, எல்லாம் வந்தது. அதிகாரி எழுந்து போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். முன்பே சிலர் இதே மாதிரி ஏமாந்து புகார் கொடுத்திருக்கிறார்களாம். ஆள் குட்டை என்று ஒருவர், நெட்டை என்று ஒருவர். சட்டையை ஒருவரும் சொல்லவில்லை.

விடுதி அறைக்கு வந்ததும் நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டுத் தானே தூக்கிக் கொடுத்தோமே என்ற வெட்கம். பொத்தான் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். முதலில் எதைப் பார்த்தாய், தொப்பியையா, தோளையா? நிறத்தையா? அவன் குரலா பயமுறுத்தியது?

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"பயம்கூட இல்ல அண்ணி. அந்தச் சட்டையப் பாத்ததும் கை தானா நீண்டுடுச்சு. சொன்னதச் செஞ்சுட்டா நல்லவள்னு பேரு கெடைக்குமேங்கற மாதிரி."

 பொத்தான் அந்த மாதிரிச் சட்டைகளை ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறார். போட்டுக்கொள்கிறவருக்கு அக்குள் பிடிக்கிறதா, குனிந்தால் கிழியுமா என்று பார்த்திருக்கிறார். எதிரே நிற்கிறவரை அது என்ன செய்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "ரெண்டு மீட்டர் துணிதானே," என்று நாத்தனாரிடம் சொன்னார். இருவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள்.

மீதி ஐந்து நாளும் நன்றாகவே சுற்றினார்கள். ஊர் திரும்பி ஐந்து வாரம் கழித்து, குழுவை அழைத்துப்போனவருக்கு அந்த ஊர் போலீஸிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று இதழ்ப் பூவைச் சின்னமாக வைத்திருந்த ஒரு விடுதி இரண்டு வருடம் முன்பு மூடிவிட்டதாம். ஊழியர்களின் சட்டைகளை மூட்டையாகப் பழைய துணிக்காரனுக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வழியே தேடிப் போய் இருவரையும் பிடித்துவிட்டார்கள், வீட்டில் அதேபோல் இன்னும் இரண்டு சட்டை இருந்ததாம். அந்தப் பூவை அவ்வளவு பொறுமையாகப் பிரித்தது யார் என்று கேட்டு எழுதச் சொன்னார் பொத்தான். அதற்குப் பதில் வரவில்லை.

ஆனால் மூட்டை என்ற சொல் அவரை விடவில்லை. எங்கள் கூடத்தில் அளவு தப்பிய போலீஸ் சட்டைகளும் வாரம் ஒரு முறை கழிவு மூட்டையில் போகின்றன. அந்த மூட்டை எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அவர் ஒரு மதியம் கழிவு எடுப்பவரின் வண்டியிலேயே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே பழைய துணிக்கடையில் அந்தச் சட்டைகள் முழுதாகவே விலைக்குப் போய்க்கொண்டிருந்தனவாம். மறுநாள் முதலாளியின் அறையில் அரை மணி நேரம் இருந்தார். இப்போது கழிக்கிற சட்டை எதுவும் முழுதாக வெளியே போவதில்லை. தோள்பட்டியை எடுத்துவிட்டு முதுகில் குறுக்காக வெட்டித்தான் மூட்டையில் போடுகிறோம். வெட்டுகிறது நான்.