கோழிக்குக் கேட்காத ஆம்ப்ளிஃபயர்

எலெக்ட்ரிக் கிடாருக்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்பது, கிடாரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாகக் கல்யாணமானவன். சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்து, சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். சிவப்புக் கிடார் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். அதோடு முடிவாகிவிட்டது. வாசித்துப் பார்க்கவில்லை. வாசிக்கத் தெரிந்தால்தானே பார்ப்பதற்கு.

வீட்டுக்கு வந்ததும் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே நின்று கம்பிகளை ஒரு இழு இழுத்தேன். சீப்பின் பற்களை நகத்தால் வருடினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். நான் முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆரம்பிக்கலீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சேலம். மைக் செட் சாமான் விற்கும் கடை ஒன்றில் கிடாரோடு நுழைந்து, கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கீங்க வாசிக்கப் போறீங்க?"

வீட்டில் உட்கார்ந்து பழகுவதற்கு என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கீழ்த்தட்டில் பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி இருந்தது. மேலே கைப்பிடி, உள்ளே டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டைகள். அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அது யார் வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

"ட்ரில் வாத்தியாருங்க வாங்குவாங்க. கிரவுண்டுல பசங்களுக்குச் சொல்றதுக்கு."

அந்தப் பெட்டியின் மேல் இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போய்விட்டது. தோளில் சிவப்புக் கிடாரோடு நிற்பவன் ட்ரில் வாத்தியார் பெட்டியையா வாங்குவான். "கச்சேரியெல்லாம் வருமுங்க" என்றேன். அவர் மறுபேச்சு பேசாமல், என் இடுப்புயரம் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியை நோக்கி என்னை அழைத்துப் போனார்.

அது எங்கள் ஆபீஸ் லாரியில்தான் நாமக்கல் வந்தது. இறக்கியவர்கள், "பீரோவுங்களா?" என்று கேட்டார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு விவசாயி தன் தோட்டத்து ஓரத்தில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் குறைந்ததும் வெள்ளாமையைக் குறைத்துக்கொண்டு கோழிப்பண்ணை போட்டவர். எங்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிரே நீளக் கொட்டகை. தரையெல்லாம் கடலைத்தோல் பரப்பி, அதன்மேல் வெள்ளைவெளேரென்று முட்டைக்கோழிகள்.

மத்தியான நேரம். பெட்டியைக் கரண்டில் சொருகினேன். முதலில் ஒரு உறுமல் கேட்டது. அந்த உறுமலே எனக்குப் பெருமையாக இருந்தது. வால்யூமைப் பாதிக்குத் திருகி, கம்பிகளை ஒரே இழுப்பாக இழுத்தேன். அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். பின்பக்கத்திலிருந்து, பெரிய மழைக்கு முன்னால் காற்று வருவதுபோல ஒரு இரைச்சல் எழுந்தது. கைதட்டல் மாதிரிகூட இருந்தது. நான் இன்னொரு முறை இழுத்தேன்.

வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. நாங்களும் ஓடினோம். கொட்டகையில் இருந்த அத்தனை கோழிகளும் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மூன்று பேரும் இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் பிரித்துப் போட்டோம். நல்லவேளை, எதுவும் சாகவில்லை. என் தலைமுடியிலும் சட்டைப் பைக்குள்ளும் இறகு.

அந்த வாரம் முழுக்க முட்டை குறைந்தது. இட்டதிலும் சில ஓடு கெட்டியாகாமல் தோல்போல இருந்தன. வீட்டுக்காரர் அப்படி ஒன்றை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். கோபப்படவே இல்லை.

"சாமி, வாசிங்க, வேண்டாங்கல. நல்ல வித்தைதான். கோழிக்குத் தெரியாம வாசிங்க" என்றார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மனைவியும் கூட வந்தாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் வீட்டு வாசலிலிருந்து கொட்டகை வரைக்கும் நடந்து, திரும்பி வந்ததைப் பார்த்தேன். எதற்கென்று அப்போது விளங்கவில்லை.

கடைக்காரர், "கச்சேரிக்குப் பத்தலீங்களா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். "ஊட்டுலதானுங்க வாசிக்கறாரு. ஒத்தைக் கையில தூக்கற மாதிரி இருக்கோணும். கரண்ட் போனாலும் பாடோணும். கோழிக்குக் கேக்கக் கூடாதுங்க."

"கோழிக்குங்களா?"

"ஆமாங்க."

அவர் ஒன்றும் புரியாமல் ட்ரில் வாத்தியார் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதோடு, மூலையில் கிடந்த நடுத்தரப் பெட்டி ஒன்றையும் வைத்தார். என் கண் உடனே நடுத்தரத்துக்குப் போனது. மனைவி, "நீங்க வாசிச்சுட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கித் தெருவில் அடி எண்ணி நடக்க ஆரம்பித்தாள். முந்தின நாள் கொட்டகை வரைக்கும் நடந்தது இதற்குத்தான்.

முதலில் நடுத்தரப் பெட்டி. அதற்குள் எனக்குத் தட்டுத்தடுமாறிப் பழகியிருந்தது அரைப் பாட்டு. அதன் முதல் அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைவீதியில் நாலு பேர் நின்றார்கள். அவள் வாழைப்பழ வண்டியைத் தாண்டி, பூக்கடை வாசலில் நின்று திரும்பி, கையைத் தூக்கி ஆட்டினாள். கேட்கிறது என்று அர்த்தம். நின்றவர்களுக்கு அது பாராட்டாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அந்தப் பெட்டி கைநழுவிப் போய்விட்டது தெரிந்தது. பிறகு சின்னப் பெட்டியில் மாட்டி அதே அடியை வாசித்தேன். பூக்கடை வாசலில் அவள் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து நின்றாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படியொரு திருப்தி.

"சுத்தமாக் கேக்கலீங்க. இதையே வாங்கிக்கலாம்."

நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். நான் கிடாரைக் கழற்றி உறையில் போட்டேன். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் டிபன் கேரியர் என்று நினைத்தாரோ என்னவோ, காலை நகர்த்தி இடம் கொடுத்தார்.

சின்னப் பெட்டியில் ஒரு தொல்லை இருந்தது. பெரிய பெட்டியின் உறுமலில் என் தப்பெல்லாம் அமுங்கிப்போயிருக்கும். இது ஒவ்வொரு தப்பையும் தனித்தனியாக எடுத்துச் சொன்னது. அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டே மனைவி, "அந்த எடத்துல இழுக்கோணுங்க" என்று பாடிக் காட்டுவாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

புரட்டாசி முடிகிற சமயம் வீட்டுக்காரர் வந்தார். "நாளைக்குச் சாயங்காலம் கொட்டாய்ப் பக்கம் வந்து வாசிக்க முடியுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனிதர் மெல்ல மெல்ல ரசிகராகிவிட்டார் என்று நினைத்தேன். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார். மறுநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். கொட்டகை வாசலில் அவர் மட்டும் நின்றிருந்தார்.

"வர்றவங்க எல்லாம்?" என்றேன்.

"உள்ளார இருக்குதுங்க" என்று கம்பி வலைக் கதவைத் திறந்துவிட்டார்.

விஷயம் இதுதான். போன தீபாவளிக்கு ஊரில் வெடித்த சரவெடியில் மிரண்டு நிறையக் கோழி செத்துப்போனது. இந்த வருஷம் முன்கூட்டியே சத்தத்துக்குப் பழக்கிவிட வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. திருகினால் ஏறுகிற சத்தம் அவருக்குத் தெரிந்து என்னிடம்தான் இருந்தது.

கல்யாணச் சட்டையோடு கடலைத்தோலில் நின்று வாசித்தேன். முதல் நாள் கோழிகள் பாதிக் கொட்டகையைக் காலி செய்துகொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டன. மனைவி தீவன மூட்டைமேல், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் வால்யூமைக் கொஞ்சம் திருகினோம். சில நாளில் கோழிகள் அருகே வந்தன. ஒன்று பெட்டியின்மேல் ஏறி உட்காரவே ஆரம்பித்தது. அரைப் பாட்டு அங்கேதான் முழுப் பாட்டானது. வேறு யாரும் அதை அத்தனை முறை கேட்டிருக்க மாட்டார்கள்.

தீபாவளியன்று காலையில் ஊரே வெடித்தது. நாங்கள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தோம். கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தீவனத்துக்குக் குனிந்தன. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே மாதம் அவர் கொட்டகையில் ஒரு ரேடியோவும் மாட்டி, பகலெல்லாம் பாடவிட்டிருந்தார். இந்தக் கதையைப் பிறருக்குச் சொல்லும்போது ரேடியோவை நான் விட்டுவிடுவது வழக்கம்.

மறுநாள் சாயங்காலம் கிடாரோடு கிளம்பினேன். அவர் எதிரே வந்து, "இனிச் சிரமம் வேண்டாங்க சாமி. பழகிருச்சுங்க" என்று சொல்லி ஒரு அட்டை நிறைய முட்டையைக் கொடுத்தார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதை மனைவி கவனித்திருக்க வேண்டும். பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிப் போய் அடுப்படி ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"இங்கயே வாசிங்க. நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, முட்டையை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினாள்.