ரோலின் ஹாகனின் முட்டைப் பாடம்

மைனாட் நகரத்து நடுநிலைப்பள்ளியில் ரோலின் ஹாகன் அறிவியல் ஆசிரியர். சம்பளச் சீட்டு அப்படித்தான் சொல்லியது. உண்மையில் அவர் பார்த்த வேலை, விளக்கை அணைத்து வீடியோவைப் போட்டுவிட்டுக் காப்பி குடிப்பது. எரிமலையிலிருந்து ஏவுகணைவரை யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும்போது இவர் எதற்குத் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்த வேண்டும்? ஒரு விஷயத்தில் மட்டும் மகா கறார். எந்த வீடியோவானாலும் முதல் நிமிடத்தைத் தள்ளிவிடுவார். வணக்கமும் மெத்தை விளம்பரமும் தவிர அதில் என்ன இருக்கப்போகிறது?

அந்த ஜனவரியில் பள்ளி முதல்வர் கார்லா வைகல் அவரைக் கூப்பிட்டார்.

"ரோலின், வியாழக்கிழமை உங்க வகுப்புல வந்து உக்காரப்போறேன். போன தடவை மாதிரியே விளக்கணைச்சுட்டு உக்காந்திருந்தீங்கன்னா, அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க வேலை இல்ல. சொல்லிட்டேன்."

வியாழனன்று பார்த்து, பனிக்காற்றில் பள்ளியின் இணையம் படுத்துவிட்டது. ஹாகன் வீடியோவைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? பல தடவை போட்டுக்காட்டிய பரிசோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. பாட்டிலுக்குள் எரியும் காகிதத்தைப் போட்டு, வாயில் முட்டையை வைத்தால் அது தானாக உள்ளே போய்விடும். இது என்ன பெரிய வித்தை! பள்ளிச் சமையலறையில் முட்டை வாங்கிவந்தார். கார்லா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

காகிதம் எரிந்தது. முட்டை மகாராஜா மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மிஸ்டர் ஹாகன், ஏன் உள்ள போகல?" என்று ப்ரின்லி என்ற மாணவி கேட்டாள்.

"அதானே... எனக்கும் தெரியலையே."

அவ்வளவுதான், வகுப்பு பிடித்துக்கொண்டது.

"பாட்டில் வாய் சின்னது!"

"போடா, ஓடு எப்படி வளையும்?"

"அப்ப உரிச்சு வைங்க!"

பதற்றத்தில் ஹாகன் உரிக்கப்போனார். பச்சை முட்டை முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஒழுகியது.

"ஐயய்யோ, அவிக்கவே இல்லையா!"

அவித்து உரிக்கவேண்டும் என்று வீடியோக்காரர் சொன்னது அந்த முதல் நிமிடத்தில்தான். ப்ரின்லி ஓடிப்போய் அவித்த முட்டை வாங்கிவந்து, தானே உரித்தாள். மறுபடி காகிதம் எரிந்தது. முட்டை டொப்பென்று உள்ளே விழுந்தது. மணி அடித்தும் ஒரு பிள்ளை நகரவில்லை. ஏன், எப்படி என்று மொய்த்துக்கொண்டார்கள். சட்டையெல்லாம் நாறிக்கொண்டிருந்தாலும் ஹாகனுக்கு அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"பிரமாதம் ரோலின்!" என்றார் கார்லா. "வேணும்னே தப்பு பண்ணி, பசங்களையே கண்டுபிடிக்க வச்சீங்க பாருங்க! உங்க வேலைக்கு இனி ஒண்ணும் ஆகாது. முழுசையும் போன்ல எடுத்துட்டேன். இணையத்துல போடறேன், மத்த பள்ளிக்கூடங்களும் பாக்கட்டும்."

ஹாகன் அடக்கமாகத் தலையாட்டினார். பொய் சொன்ன பாவம் அவருக்குக் கிடையாது, வாயையே திறக்கவில்லையே.

திங்களன்று இணையம் உயிர்த்தது. சேதி கேள்விப்பட்டிருந்த அடுத்த பிரிவுப் பிள்ளைகள் வந்ததுமே பாட்டிலைத் தேடினார்கள். ஹாகன் விளக்கை அணைத்தார். திரையில் ஹாகன் முட்டையோடு மல்லுக்கட்டினார்.

"மிஸ்டர் ஹாகன், அது நீங்கதானே?" என்றான் ஒரு பையன். "நீங்கதான் இங்கயே இருக்கீங்களே, செஞ்சு காட்டுங்களேன்!"

"உஷ், பேசாமப் பாரு," என்றார் ஹாகன், காப்பியை ஊதிக்கொண்டே. "அவரு என்னைவிட நல்லா சொல்லித்தருவாரு."