உமி பாய்லரைக் காப்பாற்றிய மண்ணச்சநல்லூர்ப் பயணம்

காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். மத்தியானம் பழைய இரும்பு வாங்குகிறவர் கேஸ் கட்டரோடு என் அரிசி மில்லுக்கு வருகிறார், உமி பாய்லரை அறுத்து எடுத்துப் போக. வரச் சொன்னதே நான்தான்.

என் புழுங்கல் அரிசியை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர், "ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு கார்பன் வெளிய போகுதுன்னு அங்க கேக்குறாங்க. கூடுதலா இருந்தா ஆர்டர் இல்ல" என்று சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். புகை தெரியும், கார்பன் தெரியாது. நெல் அவிக்க உமி எரிக்கும் என் மில்லின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தேன். சரி, டீசலுக்கு மாறிவிடலாம் என்று முடிவு கட்டினேன். ஆனாலும் மனது கேட்கவில்லை. அதே ஏற்றுமதியாளருக்கு அரிசி தரும் மண்ணச்சநல்லூர் மல்லிகாவின் மில்லை ஒரு நடை பார்த்துவிடக் கிளம்பினேன்.

பஞ்சப்பூர் பஸ் நிலையத்தில் இறங்கி, சத்திரம் பஸ் நிலையம் வந்து, மண்ணச்சநல்லூர் பஸ் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிந்ததும் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க, பரீட்சையா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"ஆமாங்க, இந்த வயசுல."

"வரப்ப இறங்கி நேர்ல சேவிச்சுட்டுப் போங்க. பஸ்ல போடறதெல்லாம் மிஸ்டு கால் மாதிரி."

கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூரை நெருங்கினால், எங்கள் ஊரில் வரும் அதே உமி வாசம்! மல்லிகாவின் புகைபோக்கியும் நிமிர்ந்து நின்றது. என் கதையைக் கேட்டதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, நீங்க பண்ணப் போறத நாங்க பண்ணியே முடிச்சுட்டோம்!"

கார்பன் கணக்கெடுக்க ஒரு பெண் வருகிறார் என்றதும் உமி பாய்லரை அணைத்துவிட்டார்களாம். உமி மேட்டைத் தார்ப்பாயால் மூடி, வாடகைக்கு ஒரு டீசல் பாய்லரைக் கொண்டுவந்து, அதற்குச் சந்தனம் குங்குமம் வேறு வைத்திருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணு தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டு, 'இவ்வளவு உமிய வெச்சுக்கிட்டு ஏங்க டீசல் எரிக்கிறீங்க?'ன்னுச்சு. மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல."

பிறகு அந்தப் பெண்ணே விளக்கினாராம்: உமி எரிந்து வெளியேறும் கார்பன், நெல் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான். அதனால் அதைக் கூட்டலில் சேர்க்காமல் தனியாக வைக்கிறார்கள். பூமிக்கடியில் கிடந்த எண்ணெயிலிருந்து வரும் டீசலோ முழுசாகக் கணக்கில் ஏறும்.

"அப்ப புகை?" என்றேன்.

"கண்ண எரிக்கிற புகை வேற விஷயம்ணே. அதுக்குத்தான் தூசி வடிகட்டி போட்டிருக்கோம். அரிசிக்குப் பெரிய கணக்கு மில்லுல இல்ல, வயல்ல தேங்குற தண்ணியில இருக்கு."

மில்லுக்குப் பின்னால் வயலில் ஓட்டை போட்ட பிவிசி குழாயைக் காட்டினார். அதற்குள் தண்ணீர் நன்றாகக் கீழிறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சுகிறார்கள். தேங்கிய தண்ணீரில் கிளம்பும் மீத்தேன் வாயு அதனால் குறைகிறதாம். இரும்புக்கும் சிமெண்ட்டுக்கும் ஐரோப்பா எல்லையில் கார்பன் கட்டணமே வந்துவிட்டது. அரிசிக்கு இல்லை. ஆனால் அங்குள்ள கடைக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போதுதான் கேஸ் கட்டர் ஞாபகம் வந்தது. மில்லைப் பார்த்துக்கொள்ளும் மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, அந்த ஆளு வந்துட்டாரா?"

"அப்பவே வந்து வேலைய ஆரம்பிச்சாச்சு மச்சான்."

"நிறுத்து! கட்டர அணைக்கச் சொல்லு!" நான் போட்ட சத்தத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வரச் சொன்னதே நீங்கதானே!"

"பாய்லர் என்னாச்சுடா?"

"அதுல இன்னும் கை வைக்கல. புகைபோக்கிய மட்டும் இறக்கியாச்சு."

பாய்லர் பிழைத்தது! திரும்பும் வழியில் ஸ்ரீரங்கத்தில் இறங்கி, பெருமாளை நேரிலேயே சேவித்தேன்.

சாயங்காலப் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். மண்ணச்சநல்லூரில் புகைபோக்கிகள் நிற்கின்றன. எங்கள் ஊரில் என்னுடையது முற்றத்தில் படுத்துக் கிடக்கிறது. நாளைக்கு வெல்டரைக் கூப்பிட்டு, தூசி வடிகட்டியும் சேர்த்து நிமிர்த்த வேண்டும். வெல்டர் சொன்ன நாளில் வருவாரா என்ற கவலை கீரனூர் தாண்டும்போதே பிடித்துக்கொண்டது. பரவாயில்லை, இந்தக் கவலையோடு தூங்கலாம்.