ஐஸ் ஏற்றினால் அணையும் விளக்கு

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில் நடந்தது இது. கல்முனையில் ஐஸ் ஏற்றிக்கொண்டு ஒலுவில் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். என்னுடையது பின்னால் திறந்த பெட்டியுள்ள பழைய கெப். படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் தொழில். நிந்தவூர் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வரும் இடத்தில் ஒரு மாடு திடீரென்று வீதிக்கு ஏறியது. பிரேக்கை மிதித்தேன். வண்டி பழசு என்றாலும் பிரேக் நல்லது. நின்றுவிட்டது.

பின்னால் டயர் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் என் வண்டியை உரசுவதுபோல் வந்து, ஓரத்து மணலில் இறங்கிச் சரிந்து நின்றது. ஓட்டி வந்தவர் இளம் வயதுக்காரர். பின்னால் அவருடைய மனைவி, நிறைமாதம். அல்லாஹ் காப்பாற்றினான், இருவரும் விழவில்லை. ஆனால் அந்தப் பெண்பிள்ளை ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கணவனின் சட்டையையும் இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. பார்த்தா, அவ்வளவுதான்.

அண்ணன் முறை வைத்து காக்கா என்று கூப்பிட்டாலும், கணவர் கத்தத்தான் செய்தார்.

"பிரேக் லைட் எரியல்ல காக்கா! நீங்க நிக்கப் போறீங்கண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?" மூச்சு வாங்கிவிட்டு இன்னொன்றும் கேட்டார். "இந்த ரோட்டுல எத்தின பேர் உங்களுக்குப் பின்னால வந்திருப்பாங்க. ஒருத்தரும் செல்லல்லயா?"

ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதனாலோ என்னவோ, நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம். மன்னிப்புக் கேட்பதைக்கூட ஒழுங்காகச் செய்யாமல் ஏதோ முணுமுணுத்தேன். அவர்கள் போன பிறகு, நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் ஜன்னலால் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து ஒலுவில் போய்ச் சேர்ந்தேன்.

ஐஸை இறக்கியதும் நேராகக் கல்முனைக்கு வந்து, வாகன வயரிங் செய்யும் பாஸிடம் வண்டியை விட்டேன். அவர் என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார்.

"எரியிதே காக்கா."

என் மனம் ஆறட்டும் என்று புது பல்ப் போட்டார். பியூஸைப் பார்த்தார். பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சையும் மாற்றினார். எத்தனை தரம் மிதித்தாலும் இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தது. "வண்டிக்கு ஒண்டுமில்ல. நீங்க போய் ஒருக்கா பிரஸரப் பாருங்க," என்று சிரித்தார்.

மறுநாள் காலை ஐஸ் ஆலையின் வெள்ளைச் சுவருக்குக் கிட்டப் பின்பக்கமாக வண்டியை விட்டேன். அங்கே இன்னும் வெயில் படவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. சந்தோசமாக இருந்தது. ஐஸ் ஏற்றி முடிந்ததும் புறப்படுவதற்கு முன் சும்மா ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். சுவர் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி மிதித்தேன். வெள்ளைதான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெறும் வண்டியில் எரிகிறது, பாரம் ஏறினால் அணைகிறது. பாஸ் பார்க்கும்போது பெட்டியில் ஒன்றுமே இருக்கவில்லை.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு, படகு முதலாளிக்குப் போன் எடுத்தேன். லைட் சரியாகும்வரை ஐஸ் ஏற்ற மாட்டேன் என்றேன்.

"ஒரு லைட்டுக்கா? படகக் கடலுக்கு விடாம வெச்சிக்கிட்டு நான் லைட்டப் பாக்கிறதா?" என்றார். "இண்டைக்கு வேற லொறியில எடுக்கிறன். நாளைக்கும் நீ வராட்டி, மறுகா அந்த லொறிதான்."

"சரி முதலாளி," என்றேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆனால் அந்தப் பெண்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஏற்றியதை லொறிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு சின்னப் பல்பில் இரண்டு வயரைக் கட்டிக்கொண்டு பெடலிலிருந்து தேடத் தொடங்கினேன். சுவிட்சுக்கு வருகிற வயரில் கரண்ட் இருந்தது. சுவிட்சைத் தாண்டியும் இருந்தது. பின்னால் லைட் வரைக்கும் இருந்தது. மிதிக்க ஒருவர் வேண்டும் என்பதற்காக மனைவியை சீட்டில் இருத்தியிருந்தேன். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு தொடங்கினோம். அவவுக்குக் கால் மரத்துப்போனது. "எரியிற லைட்ட எரியல்லண்டு எத்தின நேரம் தேடுவீங்க?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டா.

அவ கேட்டது சரிதான். வெறும் வண்டியில் தேடி என்ன கிடைக்கும்? பாரம் வேண்டும். ஐஸ் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன பாரம்?

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தால் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். ஆனால் இறங்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில், நாளைக்கு இன்னொருவர் மணலில் சரிவதைவிட நான் வெட்கப்படுவது பரவாயில்லை என்று நினைத்து இறங்கினேன்.

"எல்லாரும் ஒருக்கா என்ட வண்டியில ஏறுவீங்களா?" என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "எங்க காக்கா, கலியாண வீட்டுக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"வாயே திறக்காத மனிசன் கதைக்கிறாரு. என்னவோ இரிக்கி, ஏறுங்க," என்றார் இன்னொருவர்.

விசயத்தைச் சொன்னேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தார்கள். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு நான் சீட்டில் ஏறினேன். தேநீர்க் கடைக்காரர் பின்னால் நின்று பார்த்தார்.

"மிதிங்க! எரியிது... எரியிது... இன்னும் ரெண்டு பேர் ஏறுங்க. எரியிது."

ஏறாமல் நின்றவர் அரிசிக் கடைக்காரர் மட்டும்தான். நல்ல பருமனான மனிதர். "நீங்களும் ஏறுங்க ஹாஜியார். நீங்க ஏறினாத்தான் ஐஸ்ட கணக்கு வரும்," என்றார்கள். அவர் முறைத்துக்கொண்டே ஏறினார். வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்தது.

"அணைஞ்சிட்டு!" என்று கத்தினார் கடைக்காரர். எல்லாரும் கை தட்டினார்கள். விளக்கு அணைந்ததற்குக் கை தட்டியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அவரை இறங்கச் சொன்னோம், எரிந்தது. ஏறச் சொன்னோம், அணைந்தது. "என்ன வெச்சி விளையாடுறீங்களா?" என்று அவர் கோபித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, தானாகவே மறுபடி ஏறி நன்றாக ஊன்றி நின்றார்.

ஒருவரைப் பெடலில் இருத்திவிட்டு நான் கீழே நுழைந்தேன். லைட்டுக்குப் போகும் வயரைத் தடவிக்கொண்டே போனேன். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டையின் முனைக்கு வந்ததும் கை நின்றது. வயர் அந்த இடத்தில் கயிறுபோல இறுகியிருந்தது. அதை நசித்துப் பிடித்தேன். "எரியிது!" என்று மேலிருந்து சத்தம் வந்தது. விட்டேன். "அணைஞ்சிட்டு!"

வயர் அங்கே தங்கூசியால் கட்டப்பட்டிருந்தது. கடலில் மீன் பிடிக்கும் நைலோன் நூல். முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது நான் போட்டது. போன மாரி மழைக்காலத்தில் வயர் தொங்குகிறது என்று, படகுக்காரர் ஒருவர் தந்த தங்கூசியால் இறுக்கிக் கட்டினேன். எங்கள் பக்கத்தில் வாளிக் கைபிடி முதல் வேலி வரை எல்லாவற்றையும் அதனால்தான் கட்டுவோம். நான் கட்டியதோ அசையும் இடத்தில். பாரம் ஏறினால் பட்டை நீண்டு அதன் முனை பின்னால் தள்ளும். ஒவ்வொரு நாளும் வயர் இழுபட்டு, உள்ளே செம்பு அறுந்து பச்சை பிடித்திருந்தது. வெளியே தோல் மட்டும் முழுசாக இருந்தது.

"யாரு காக்கா இந்த முடிச்சப் போட்ட?" என்று கீழே குனிந்து பார்த்த ஒருவர் கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

"சுறாவுக்குப் போட்ட முடிச்சு. லைட் எப்பிடித் தப்பும்?" என்றார் கடைக்காரர். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அறுந்த துண்டை வெட்டி, புது வயர் சேர்த்து, டேப் சுற்றினேன். இந்த முறை கொஞ்சம் தளர்வாக விட்டு, அசையாத சட்டத்தில் ரப்பர் துண்டால் கட்டினேன். மறுபடி எல்லாரும் ஏறினார்கள். அரிசிக் கடைக்காரர் யாரும் கேட்காமலேயே இரண்டு தரம் குதித்தார். விளக்கு அணையவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போதுதான் இறங்கினார்கள்.

மறுநாள் பாரம் ஏற்றி முடிந்ததும் மிதித்தேன். ஐஸ் ஆலைச் சுவர் சிவந்தது. முதலாளியின் படகுக்கு நேரத்துக்கு ஐஸ் போனது.

அந்தக் கணவன் மனைவியை நான் பிறகு காணவில்லை. குழந்தை சுகமாகப் பிறந்திருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன். இப்போது வீதியில் எனக்கு முன்னால் விளக்கெரியாத வண்டி எதைக் கண்டாலும் எட்டிப் பிடித்து, ஜன்னலால் சொல்லிவிட்டுத்தான் போவேன். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் உன் வேலையைப் பார் என்பார்கள். ஒவ்வொரு தரமும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டுகிறவனுக்குத் தன் பின்பக்கம் தெரியாது, பின்னால் வருகிறவன் வாய் திறந்தால்தான் தெரியும். ஒன்றும் பேசாமல் அந்தப் பெண்பிள்ளை பார்த்த பார்வைதான், பேசக் கூச்சப்படும் என்னை இன்றைக்கும் பேச வைக்கிறது.